கேட்டது ஒரு ஆள்

கீழ்வீட்டு வெல்டருக்கு இடது காதில் கால்வாசி கிடையாது. யாராவது கேட்டால், மாடிவீட்டுப் பட்டாளத்தார் பசியில் கடித்துவிட்டார், மிச்சத்தை நாளைக்கென்று வைத்திருக்கிறார் என்பான். கேட்டவர்கள் சிரிப்பார்கள். பட்டாளத்தாரின் மனைவி மட்டும் சிரிக்கமாட்டாள். மதியம் வேலை விட்டு வந்து, அந்தக் காதுத்துண்டை மாடிப்படியில் குனிந்து தேடி எடுத்து, கழுவி, ஈரத்துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தவள் அவள்தான். இனி ஒட்டாது என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள்.

பட்டாளத்தார் கண்ணிவெடி எடுக்கும் பிரிவில் பதினெட்டு வருஷம் இருந்தவர். பத்தொன்பதாவது வருஷம் ஒன்று வெடித்தது. கை போகவில்லை, கால் போகவில்லை. வலது நெற்றிக்கு மேலே குழிக்கரண்டி அளவுக்கு ஒரு பள்ளம், அதற்குள் தோல் மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். முழுசாக வந்துவிட்டாரே, நீ கொடுத்துவைத்தவள் என்று தெருவே வந்து சொல்லிவிட்டுப் போனது. முழுசாக வராதது எது என்பதை மூன்றாம் மாதம் அவளுடைய இரண்டு முன்பற்கள் தெரிந்துகொண்டன. சோறு சூடாக இருக்கிறது என்று தட்டை வீசினார். ஏனுங்க என்று கேட்டாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பற்கள் போயின.

காலை ஐந்தரைக்கு அவள் வேலைக்குக் கிளம்பும்போது பைக்குள் சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே துணியில் சுற்றிய மூன்று கத்திகள், ஒரு கத்தரிக்கோல், ஒரு சுத்தியல் இருக்கும். வீட்டில் கண்ணாடி என்று ஒரு டம்ளர்கூட இல்லை. எரிவாயு உருளையைக் கழற்றி வெல்டர் வீட்டில் வைத்துவிடுவாள். அவர் முன்னால் ரொட்டியும் அவித்த முட்டையும் பிளாஸ்டிக் தட்டில் வைத்துவிட்டு, வெளியே பூட்டுப் போட்டுவிட்டு, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படி இறங்குவாள். மகளும் அதே நேரத்துக்குக் கிளம்பிவிடுவாள். ஆறிலிருந்து இரண்டு மணி வரை அந்த இரண்டு அறைகளும் அவருக்கு. சுவரில் தலையால் முட்டுவார். ஜன்னல் கம்பியை ஆட்டுவார். ஒருநாள் கம்பி கையோடு வந்துவிட்டது. உட்காரும் பலகையைத் தூக்கித் தெருவில் போட்டார். கீழே போன ஒரு பெண்பிள்ளையின் தலைக்கும் அதற்கும் ஒரு சாண்தான் இடைவெளி. மாற்றுச்சாவியோடு மேலே ஓடிய வெல்டருக்கு அன்றைக்குத்தான் காது போனது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டைக் காலி செய்யுங்கள் என்று வீட்டுச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார்.

அவளுக்கு வேலை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். ரத்தமும் சீழும் மூத்திரமும் ஊறிய விரிப்புகள் ஒரு வாசலில் வந்து இன்னொரு வாசலில் வெள்ளையாகப் போகும். அவள் நிற்பது கடைசியில், இஸ்திரி உருளைக்கு முன்னால். ஆள் நீளத்துக்கு மேலே இருக்கும் அந்தச் சூட்டு உருளைக்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஒரே இழுப்பில் சுருக்கம் எடுத்து, ஒரே நேரத்தில் வாய்க்குள் கொடுக்க வேண்டும். ஒருத்தி மணிக்கட்டு தளர்ந்தாலும் விரிப்பு கோணலாகப் போய் மாட்டிக்கொள்ளும். அவளோடு எட்டு வருஷமாக மறுமுனையைப் பிடிப்பவளை எல்லோரும் ஜோடிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கழுத்தில் விரல் தடங்களைப் பார்த்தால் ஜோடிக்காரி, உன் வீட்டுக்காரர் கையெழுத்து நாளுக்கு நாள் அழகாகிக்கிட்டே வருதுடி என்பாள். பேசிக்கொண்டே தன் துண்டை எடுத்து அந்தக் கழுத்தில் சுற்றிவிடுவாள்.

அடியை நிறுத்த ஒரு வழி இருக்கிறது என்பது அவளுக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய பழைய சார்ஜென்ட் பழங்களோடு பார்க்க வந்தார். வந்த நேரம், பட்டாளத்தார் அவள் தலைமுடியைக் கையில் சுற்றி நெற்றியை வாசற்படியில் இடித்துக்கொண்டிருந்தார். சார்ஜென்ட் பழப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே, நேர் நில் என்று ஒரு குரல் கொடுத்தார். முடி கையிலிருந்து கழன்றது. குதிகால்கள் சேர்ந்தன. பட்டாளத்தார் சுவரைப் பார்த்துக் கம்பமாக நின்றார். தலைக்குள்ளே எல்லாம் எரிந்து போயிருந்தும் அந்த ஒரு மூலை மட்டும் எரியாமல் இருந்தது. போகும்போது சார்ஜென்ட் அவளிடம், சொல்லும்போது நெஞ்சிலிருந்து சொல்ல வேண்டும், பயந்த குரலுக்கு எந்தப் பட்டாளமும் நிற்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருபத்தைந்து வருஷமாக அவரை வாங்க போங்க என்றே பேசிப் பழகிய வாய். முதல் தடவை, நேரா நில்லுங்க என்று சொல்லிப் பார்த்தாள். மரியாதைக்குப் பரிசாகக் கீழுதட்டில் நான்கு தையல். பிறகு சலவைக்கூடத்தில் பிழியும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அது ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அங்கே நின்று அடிவயிற்றிலிருந்து கத்திக் கத்திப் பழகினாள். நேர் நில். ஓய்ந்து நில். இடப்புறம் திரும்பு. ஒரு மாதத்தில் அவள் குரலுக்குக் குதிகால்கள் சேர ஆரம்பித்தன. நேர் நிற்க வைத்து முகம் மழித்தாள், குளிப்பாட்டினாள், மருந்து கொடுத்தாள். ஆனால் அவள் வாய் எட்டும் தூரத்தில்தான் அது பலிக்கும். வேறு யார் சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை. வெல்டர் ஒருமுறை தைரியமாகச் சொல்லிப் பார்த்தான். அதன் விவரம் அவன் முதுகில் இருக்கிறது.

மகளுக்கு இது பிடிக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள் அவள். அந்தப் பட்டத்தாளை அப்பா பாதி தின்றுவிட்டதால் நகலுக்கு நாலு மாதம் அலைந்தவள். அப்பாவை நாய்போலப் பழக்கியிருக்கிறாய் என்று அம்மாவிடம் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அப்பா இருக்க வேண்டிய இடம் பூட்டுப் போட்ட ஆஸ்பத்திரிதான் என்றும் சொன்னாள். அம்மா வாங்கும் அடியைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அப்பாமேல் இருந்த பாசம் வற்றிப் போயிருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காலைப் பொழுதுக்கு ஒரு பராமரிப்பு ஆள் தருவார்கள் என்று ஜோடிக்காரிதான் எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்தாள். மகள் விண்ணப்பம் எழுதினாள். எழுதும்போதே கேட்டாள்.

"ஒரு ஆளு வந்து என்னம்மா பண்ணுவான்? உனக்குப் பதிலா அவன் அடி வாங்குவான்."

"வாங்கட்டும். அவன் சம்பளத்துக்கு வாங்குவான். நான் சும்மாதானே வாங்குறேன்."

மதிப்பிட வந்த அதிகாரி மெலிந்த மனிதர். சதா இருமல். அட்டையில் கவ்விய படிவத்தை மார்போடு அணைத்தபடி படியேறி வந்தார். அவர் வருகிறார் என்று தெரிந்ததும் அவள் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் மகளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா விடிவதற்கு முன்னே எழுந்து அப்பாவுக்கு முகம் மழித்தாள். சட்டையை விறைப்பாக இஸ்திரி போட்டாள். காலணிக்கு மெருகு ஏற்றினாள். வீட்டுக்கு ஒரு மனுஷர் வரும்போது வீட்டுக்காரரை அலங்கோலமாக உட்காரவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு கேள்விகளில் ஏழு முடிந்திருந்தது. அதிகாரியின் பேனா கை தவறி உருண்டு பட்டாளத்தாரின் நாற்காலிக்குப் பின்னால் போனது. அதை எடுக்க அவர் பின்னால் போய்க் குனிந்தார். பட்டாளத்தாருக்குப் பின்னால் யாரும் போகக் கூடாது. அவர் கழுத்து நரம்பு புடைத்து எழுந்ததைப் பார்த்த அந்தக் கணமே அவள் வாய் தானாகத் திறந்தது.

"நேர் நில்."

நின்றார். அதிகாரிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இந்த வாரம் இருபது வீடு பார்த்தேன், இப்படி ஒரு கட்டுப்பாட்டை எங்கேயும் பார்க்கவில்லை என்றார். எட்டாவது கேள்வி, பராமரிப்பவரின் சொல்லுக்குக் கட்டுப்படுகிறாரா என்பது. ஆம் என்ற கட்டத்தில் பேனாவை அழுத்திக் குறி போட்டார். அவளுக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. எட்டு வருஷமாக உருளைக்கு முன்னால் நிற்கிறாள், ஒருத்தரும் அவள் வேலையை நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. பராமரிப்பவர் போதிய திறமை உள்ளவர், கூடுதல் ஆள் தேவையில்லை. மகள் அதை உரக்கப் படித்துவிட்டு, மடித்து, அம்மாவின் மடியில் போட்டாள்.

"நல்லா பழக்கியிருக்கியாம். சர்டிபிகேட் குடுத்திருக்காங்க. இதை அப்பா தின்னாம பாத்துக்க."

அடுத்த மாதமே மணிக்கட்டு போனது. இரண்டு மணிக்கு வந்து பூட்டைத் திறந்தாள். உடைந்த உட்காரும் பலகையின் கால் ஒன்றை வைத்துக்கொண்டு அவர் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். முதல் அடி தோளில். கையைத் தூக்கியதால் இரண்டாவது மணிக்கட்டில். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. நேர் நில் என்றாள். வலியில் குரல் கீச்சென்று வந்தது. பயந்த குரல். அவர் மூன்றாவது தடவை ஓங்கினார். கட்டிலுக்கு அடியில் உருண்டு போய், தூசியை வாயெல்லாம் அப்பிக்கொண்டு, வெளியே அவர் காலணிகள் நடமாடுவதைப் பார்த்தபடி, மூச்சை வயிறுவரை இழுத்து இன்னொரு தடவை சொன்னாள். காலணிகள் சேர்ந்து நின்றன. அவை சேர்ந்து நின்ற பிறகும் வெளியே வர அவளுக்கு நெடுநேரம் பிடித்தது.

மாவுக்கட்டோடு உருளைக்கு முன்னால் நிற்க முடியாது. மேற்பார்வைக்காரி அவளைப் பிரிக்கும் அறைக்கு அனுப்பினாள். அழுக்கு விரிப்பு மூட்டைகளை அவிழ்த்து ஊசியும் பஞ்சும் சதைத்துணுக்கும் பொறுக்கும் வேலை. ஒற்றைக் கையால் பொறுக்கினாள். மாதக் கடைசிக்குள் கை சரியாகவில்லையென்றால் வேறு ஆள் பார்ப்பதாக மேற்பார்வைக்காரி சொல்லிவிட்டாள். ஜோடிக்காரி ஒவ்வொரு இடைவேளையிலும் வந்து, புதுசா வந்தவள் முனையைப் பிடிக்கிற லட்சணத்தைப் பார்த்தால் எனக்கே அடிக்கணும்போல இருக்கு, சீக்கிரம் வந்து சேரு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகள் மேல்முறையீடு எழுதினாள். அதே அதிகாரி மறுபடி வருவதாகப் பதில் வந்தது. மகள் அம்மாவை எதிரில் உட்காரவைத்து, முகம் மழிக்கக் கூடாது, சட்டை மாற்றக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில் ஒன்று.

"அப்பா என்ன பண்ணாலும் நீ வாயைத் திறக்கக் கூடாது."

"அந்த மனுஷனை அடிச்சிட்டா?"

"அடிக்கட்டும். அவர் போட்ட குறிக்குத்தான் உன் கை உடைஞ்சிது."

அதிகாரி வந்த காலையில் மழை ஊற்றிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நாள் தாடியும் மூத்திரக் கறை படிந்த காற்சட்டையுமாகப் பட்டாளத்தார் நாற்காலியில் இருந்தார். அதிகாரி குடையை வாசலில் சாய்த்தார். அவள் மாவுக்கட்டைப் பார்த்து முகம் சுளித்து, விழுந்துட்டீங்களா என்றார். விழவில்லை என்றாள். அவர் மேலே கேட்கவில்லை. கேள்விகளை முதலிலிருந்து படித்தார். எட்டாவதில் நின்று, போன தடவை இது ஆம் என்று இருக்கிறதே, மாற்றம் ஏதாவது உண்டா என்றார். அவள் பதில் சொல்வதற்குள் மருத்துவக் குறிப்புக்காகத் தலைப் பள்ளத்தைப் பார்க்க வேண்டும் என்று எழுந்தார். எழுந்தவர் நாற்காலியைச் சுற்றிப் பின்னால் போனார்.

மகள் பார்த்தாள். அவளும் பார்த்தாள். பின்னால் போகாதீர்கள் என்று இருவரில் ஒருத்தியும் சொல்லவில்லை.

நாற்காலி ஒரு பக்கம், பட்டாளத்தார் ஒரு பக்கம். திரும்பிய வேகத்தில் அவருடைய முழங்கை அதிகாரியின் மூக்கில் இறங்கியது. படிவ அட்டை பறந்தது. அவள் குறுக்கே போனாள், பழக்கம். புறங்கையால் ஒன்று விட்டார். அவள் அடுப்பு மேடையில் போய் மோதிச் சரிந்தாள். அதிகாரி கதவை நோக்கி ஓடினார். இரண்டு எட்டுகூடப் போகவில்லை, பின்கழுத்துச் சட்டையைப் பிடித்து இழுத்து, தலையைக் கதவுநிலையில் மோதினார் பட்டாளத்தார். சத்தமே போடாமல் மோதினார். கோபம் முகத்தில் இல்லை. ஒரு வேலையைச் செய்து முடிக்கிறவர் முகம் அது.

"நிறுத்தச் சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி. வாயெல்லாம் ரத்தம்.

அவளுக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"நீங்க சொல்லுங்க சார். நீங்க சொன்னா நிக்கிறாரான்னு பாருங்க."

அவர் சொன்னார். போன தடவை கேட்டது அவருக்கு ஞாபகம் இருந்தது. நேர் நில் என்று கத்தினார், கெஞ்சினார், அழுதார். தலை இரண்டாவது தடவை நிலையில் மோதியது. புருவம் கிழிந்து கண்ணில் வழிந்தது. மகள் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். அடிக்கட்டும் என்று சொன்னவள், இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். மூன்றாவது மோதலுக்குத் தலையைப் பட்டாளத்தார் பின்னுக்கு இழுத்தபோது, இது போதும் என்று அம்மாவுக்குத் தெரிந்தது. அதற்கு முன்னாலேயே போதுமானதாக இருந்தது என்பதும் தெரிந்தது.

"நேர் நில்."

நின்றார். விரல் கணுக்களில் ரத்தம் சொட்ட, சுவரைப் பார்த்தபடி. அதிகாரி தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் ஈரத்துண்டைக் கொண்டுவந்து புருவத்தில் வைத்து அழுத்தினாள்.  கொஞ்சம் மூச்சு வந்த பிறகு அதிகாரி அவளைப் பார்த்தார்.

"உங்களால முடியும். ஏன்மா இவ்வளவு நேரம் சொல்லல?"

"முடியுது சார். மூணு வருஷமா முடியுது. அதனாலதான் ஆளு வேணாம்னு எழுதுனீங்க."

 அதிகாரி அட்டையை எடுத்துத் தரச் சொல்லி, முழங்காலில் வைத்து, நீளமாக எழுதினார். மகளிடம் நீட்டினார். மகள் படித்தாள்.  என்னடி எழுதியிருக்கு என்று அம்மா மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது. வீட்டில் வைத்துப் பராமரிக்கத் தகுதியற்றவர். ஆஸ்பத்திரியின் மூடிய பிரிவில் உடனே சேர்க்க வேண்டும்.

நான் கேட்டது காலையில் ஒரு ஆள் என்றாள் அவள். எட்டு மணிநேரத்துக்கு, வெறும் ஒரு ஆள். அதிகாரி எழுந்து நிலையைப் பிடித்துக்கொண்டார். அவர் குரலில் வஞ்சம் இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"ஆளு போட்டா அந்த ஆளை யாரும்மா காப்பாத்துவாங்க? நீங்கதான் வேலைக்குப் போயிடுவீங்களே."

ஒன்பதாம் நாள் காலை வண்டி வந்தது. ஜன்னல் கம்பியடித்த வெள்ளை வண்டி. நான்கு பேர் இறங்கினார்கள். தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. ஒரு ஆள் கேட்டதற்கு நாலு ஆள் அனுப்பியிருக்கிறார்கள், தாராள மனசு என்று வெல்டர் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை, அவனும்தான்.

மாடிப்படி வரைக்கும் வந்தார். வண்டியைப் பார்த்ததும் கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டார். நால்வரும் பிடித்தார்கள். ஒருவனுக்கு வயிற்றில் உதை விழுந்து, நான்கு படி உருண்டு போனான். மற்றவர்களுக்கு வெறி வந்துவிட்டது. ஒருவன் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான், ஒருவன் விரல்களைக் கம்பியில் வைத்து முட்டியால் இடித்தான். பட்டாளத்தார் ஊளையிட்டார். மூன்று வருஷத்தில் அவர் வலித்துக் கத்தி அவள் கேட்டதில்லை.

"அம்மா, சொல்லும்மா. கையை ஒடிச்சிருவாங்க" என்றாள் மகள். சொல்லக் கூடாது என்று சொன்ன அதே மகள். முகமெல்லாம் கண்ணீர்.

அவள் இறங்கிப் போனாள். அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஒரு தடவையாவது பெண்டாட்டியாகக் கூப்பிட்டுப் பார்ப்போம் என்று தோன்றிவிட்டது. அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, விடுமுறை முடிந்து பட்டாளத்துக்குக் கிளம்பும் நாட்களில் ரயிலடியில் சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

"நேரமாச்சுங்க. வாங்க, போலாம்."

அவர் தலையால் அவள் வாயில் இடித்தார்.

அவள் ரத்தத்தைப் படியிலேயே துப்பினாள். புறங்கையால் துடைத்துக்கொண்டாள். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். நால்வர் பிடியிலும் அடங்காத உடம்பு விறைத்து நின்றது. நட என்றாள், நடந்தார். ஏறு என்றாள், ஏறினார். உட்கார் என்றாள், முழங்காலில் கைகளை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நால்வரில் மூத்தவர், தலை வழுக்கையானவர், சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டும் பேனாவும் எடுத்தார். அந்த வார்த்தைகளை வரிசையாகச் சொல்லும்மா, எழுதிக்கொள்கிறேன் என்றார்.

"எழுதிக்கிட்டா வராதுண்ணே. சொல்லிக் காட்டுங்க."

அவர் கூச்சத்தோடு தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். தொண்டையிலிருந்து சொல்கிறீர்கள், வயிற்றிலிருந்து வர வேண்டும் என்றாள். மறுபடி சொன்னார். வண்டிக்குள் ஓர் அசைவும் இல்லை. பயப்படுறீங்க, அது அவருக்குத் தெரியும், உங்களுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கும், நீங்கள் முழுசாக வீடு போய்ச் சேர வேண்டுமென்றால் சரியாகச் சொல்லுங்கள் என்று வண்டிக் கதவைச் சாத்தவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவே பார்க்க, வீங்கிய உதட்டோடு, அந்த ஆளுக்கு மூச்சு எங்கே இழுக்க வேண்டும் என்று தன் வயிற்றில் கைவைத்துக் காட்டினாள். வேலைக்கு நேரமாகிறது என்று ஓட்டுநர் முனகினார். அவள் காதில் வாங்கவில்லை. ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, அவர் குரல் உடைந்து, வெட்கம் போய், அடிவயிற்றிலிருந்து வந்தது.

"நேர் நில்."

வண்டிக்குள்ளே தகரத்தரையில் இரண்டு குதிகால்கள் சேர்ந்து அறைந்தன.

சார்ஜென்ட்டுக்குப் பிறகு, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக வேறொருவர் சொல்லுக்கு அவர் எழுந்து நின்றார். அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள்.

"ஆங். இப்ப கொண்டு போங்க."